நாலாவது தந்தி மட்டும்

லிஃப்ட் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. கூண்டைத் தாங்குகிற இரும்பு வடங்களில் ஒன்று பிசிறு விட்டாலும், அந்த ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. மொத்தத்தையும் கழற்றிவிட்டுப் புது செட் போட வேண்டும். பழசும் புதுசும் சேர்ந்து தொங்கினால் பாரம் சமமாகப் பிரியாது. ஒன்று இழுக்க ஒன்று தொய்ய, கடைசியில் உள்ளே நிற்கிற மனுஷன் தலையில்தான் விடியும். நல்ல விதி, உயிரைக் காப்பாற்றுகிற விதி. ஆனால் எப்பேர்ப்பட்ட நல்ல விதியையும் பொருந்தாத இடத்தில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்று காட்ட இந்தத் தம்பி ஒருவன் போதும்.

தம்பி என்றால் அக்காவுக்குத் தம்பி. பதினாறு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். கை சுத்தம், வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். அக்கா அவனுக்கு நாலு வயது மூத்தவள். சலவைக்கடை கவுன்ட்டரில் நின்று துணி வாங்கி ரசீது போடுகிறவள். அவளுக்கு எட்டு வயதில் ஒரு மகள், எல்லோருக்கும் அவள் வாண்டு. வாண்டின் அப்பா இன்னொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டு போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்த ஆளைப் பற்றிப் பேசி நம் வாயை அழுக்காக்கிக்கொள்ள வேண்டாம்.

அக்காவுக்கு நாலு மாதமாகத் தொண்டை கட்டியிருந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் கத்திக் கத்தி இப்படி ஆகிவிட்டது என்று அவளும் நினைத்தாள், தம்பியும் நினைத்தான். இருமல் மருந்து பாட்டில் பாட்டிலாக உள்ளே போனது. கடைசியில் குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்த டாக்டர், குரல் வருகிற பெட்டியிலேயே கட்டி இருக்கிறது, பெட்டியையே எடுத்துவிட வேண்டும் என்று சொன்னார். எடுத்தால் உயிருக்குப் பயமில்லை. மூச்சு கழுத்தில் போடுகிற துளை வழியாக வரும். பேச்சு வராது. சில மாதம் கழித்து ஒரு கருவி வைத்துப் பேசப் பழகலாம், ஆனால் அது இந்தக் குரலாக இருக்காது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தார்கள்.

அக்கா அழுது முடித்த பிறகு யோசித்தது ஒரே ஒரு காரியம்தான். வாண்டுக்குத் தினமும் படுக்கும்போது பாடுகிற பாட்டைப் போனில் பதிவு செய்து வைத்துவிட வேண்டும்.

அது அவளே கட்டிய பாட்டு. சலவைக்கடை இயந்திரத்துக்குள் தினம் நாலு பொத்தானாவது கழன்று கிடக்கும், அதிலிருந்து வந்தது. 'சட்டைய விட்டு ஓடிப்போச்சு பொத்தான், சந்து பொந்து எல்லாம் சுத்திப் பாத்துச்சாம்' என்று ஆரம்பிக்கும். பிறகு பொத்தான் டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் மாட்டிக்கொள்ளும், பல் டாக்டரிடம் போய் எனக்குப் பல்லே இல்லை என்று சண்டை போடும், மந்திரியின் கோட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இருபத்திரண்டு சரணம் ஆகியும் பொத்தான் வீடு திரும்பவில்லை. திரும்பினால் பாட்டு முடிந்துபோகுமே என்று வாண்டு அதற்கு அனுமதி தரவில்லை.

பாட்டுக்குத் துணை யுகுலேலே. கிட்டார் வாங்கப் போன அக்கா விலையைக் கேட்டுவிட்டு, கிட்டார் போட்ட குட்டி மாதிரி இருந்த அதை வாங்கிக்கொண்டு வந்தாள். நாலே நாலு நைலான் தந்தி. அவளாகவே பழகி, சுமாருக்குக் கொஞ்சம் மேலே வாசிப்பாள். தொண்டை கெட்ட பிறகு அது இல்லாமல் அவளால் பாடவே முடியவில்லை. குரல் பாதியில் எங்கேயோ வழுக்கிக்கொண்டு போகும். தந்தியின் சுருதியைப் பிடித்துக்கொண்டுதான் திரும்ப வருவாள், மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்து ஏறுகிறவர்கள் மாதிரி. அதுவும் காலையில் குரலே வராது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் தெளிவாக இருக்கும், பிறகு வெறும் காற்றுதான்.

திங்கட்கிழமை சமையலறை மேசையில் யுகுலேலேயை வைத்துக்கொண்டு அக்கா தம்பியிடம் சொன்னாள்.

"நாலாவது கம்பி மட்டும் மாத்திக் குடுடா. இங்க பாரு, பிசிறு விட்டிருக்கு. பாடிட்டிருக்கும்போது பட்டுன்னு போயிடும். மத்த மூணும் நல்லாத்தான் இருக்கு, அதத் தொடாத."

"நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கறேன்னு சொன்னாதான் எனக்கு வயித்தக் கலக்கும். எது மாத்தணும், சொல்லு?"

"நாலாவது."

"எத்தன?"

"ஒண்ணு. அக்கா, நான் இருபது மாடி லிஃப்ட்டுக்கே வடம் மாத்தறவன். இந்தப் பொம்மைக்கு இவ்ளோ பாடமா?"

"அதான்டா என் பயமே," என்று அக்கா கரகரத்தாள். "நாளைக்குக் கொண்டு வந்துடு. ரெண்டு நாள் பாடிப் பாத்துட்டு வியாழக்கிழமை மத்தியானம் பதிவு பண்ணிடலாம். அன்னைக்கு அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரில இருக்கணும்."

அன்று சாயங்காலம் தம்பி தன் அறைக்கு வந்து யுகுலேலேயைக் கட்டிலில் கிடத்தி, வேலைக்குக் கொண்டுபோகிற டார்ச்சை அடித்துப் பார்த்தான். நாலாவது தந்தியில் பிசிறு இருந்தது உண்மை. மற்ற மூன்றிலும், பிடிப்பலகையில் பதித்த உலோகக் கோடுகள் மேல் அழுந்துகிற இடங்களில், நகம் வைத்துத் தடவினால் சின்னச் சின்னப் பள்ளம் தெரிந்தது. அந்தப் பள்ளம் எந்தத் தந்தியிலும் இருக்கும், அதனால் ஒரு குடியும் முழுகிவிடாது. ஆனால் இவன் கண்ணுக்கு அது தேய்ந்த வடமாகத்தான் தெரிந்தது. ஒன்று போனால் செட்டாக மாற்ற வேண்டும். அக்காவின் கடைசிப் பாட்டு; அதில் ஒரு தந்தி அறுந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

மனசில் பாசம்தான், வேறொன்றும் இல்லை. கட்டர் எடுத்தான், நாலையும் நறுக்கினான். வடம் மாற்றும்போது பழசை அங்கேயே துண்டாக்கிவிடுவது அவன் வழக்கம், யாராவது எடுத்து மறுபடி மாட்டிவிடக் கூடாதல்லவா. துண்டுகளைக் குப்பைத் தொட்டியில் போட்டான். வெறும் பலகையைத் துணியால் துடைத்து, இடுக்கில் இருந்த அழுக்கை எல்லாம் பல் குச்சியால் எடுத்து, பளபளவென்று ஆக்கி வைத்துவிட்டுத் திருப்தியாகத் தூங்கினான்.

செவ்வாய்க்கிழமை காலையில் இசைக்கருவிக் கடைக்குப் போனான். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு யுகுலேலேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாலும் எங்க?"

"கழட்டிட்டேன். செட்டா மாத்தணும்."

"அடடா. நாலாவது மட்டும்னா உதிரியா இருக்குங்க, இப்பவே மாட்டித் தந்துடுவேன். அதுதான் அடிக்கடி அறும், அதனால வெச்சிருப்பேன். இந்த அளவுக்கு முழு செட் கையில இல்ல. வியாழக்கிழமை காலைல வரும்."

தம்பிக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. ஆனால் வாய் அடங்கவில்லை. "பரவால்ல. எனக்கு வியாழக்கிழமை மத்தியானம்தான் வேணும்."

"என்னைக்கு வாசிக்கணும்?"

"அன்னைக்கேதான்."

கடைக்காரர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தார். "நைலான் ஸ்ட்ரிங்குங்க. நாலும் புதுசாப் போட்டா ஒரு வாரம் இழுத்துக்கிட்டேதான் இருக்கும். சுருதி வெச்சுட்டுக் கைய எடுக்கறதுக்குள்ள இறங்கிடும். ஒண்ணு மட்டும் புதுசுன்னா எப்படியாவது சமாளிக்கலாம்."

"இழுக்கறதப் பத்தி எனக்கே சொல்றீங்களா? புது வடமும்தான் இழுக்கும். மாத்தின ஒரு மாசத்துல லிஃப்ட் மாடிக்கு ரெண்டு விரல் கீழ நிக்கும். போய் இழுத்துக் கட்டுவோம், சரியாயிடும்."

"ஒரு மாசம் இருக்குங்களா உங்களுக்கு?" என்று கடைக்காரர் கேட்டார்.

தம்பி யுகுலேலேயைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினான். ஒன்றில் கிட்டாருக்கு மட்டும்தான் இருந்தது. இன்னொன்றில் பிள்ளைகள் விளையாடுகிற பிளாஸ்டிக் சாமானைக் காட்டினார்கள். திரும்ப முதல் கடைக்கே வந்து, தலையைக் குனிந்துகொண்டு, வியாழக்கிழமைக்கே எழுதிக்கொள்ளச் சொன்னான்.

அக்காவிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். திட்டி முடித்துவிட்டு அவள் வேறு யாரிடமாவது ஒரு யுகுலேலேயை இரவல் வாங்கியிருப்பாள், சலவைக்கடைக்கு வராத ஆளா? ஆனால் இவன் அந்த வாயைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் போன் செய்தபோது, ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, வர முடியவில்லை என்றான். புதன்கிழமை கேட்டபோது, எல்லாம் முடிந்தது, நாளைக்குக் காலையில் கையோடு கொண்டு வருகிறேன் என்றான்.

"பழகிப் பாக்கலாம்னு நெனச்சேன்டா," என்றாள் அக்கா. குரல் பாதி வந்தது, பாதி வரவில்லை.

"ஆறு வருஷமாப் பாடற பாட்டு. உனக்கு எதுக்குக்கா பழக்கம்?"

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு செட் வந்தது. தம்பி அதை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு. பையிலிருந்து வெளியே வந்த யுகுலேலேயில் ஒரு தந்திகூட இல்லாததை அக்கா பார்த்தாள். குரலைச் செலவழிக்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாமே போயிடுச்சுக்கா. பாத்தேன். மூணும் தேஞ்சிருந்தது," என்றான் அவளைப் பார்க்காமல்.

வேலை என்னவோ அழகாகத்தான் செய்தான். தந்தியின் நுனியைக் கீழ்க்கட்டையின் துளைக்குள் விட்டு, வெளியே இழுத்து, தன்மேலேயே இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை அடியில் செருகி இறுக்கினான். மறுமுனையை மேலே இருக்கிற திருகில் கோத்து, சுற்று மேல் சுற்று ஏறாமல் வரிசையாகச் சுற்றினான். நாலு முடிச்சும் அச்சடித்தது போல ஒரே மாதிரி இருந்தன. பிறகு ஒவ்வொரு தந்தியையும் விரலால் தூக்கித் தூக்கி இழுத்தான், சீக்கிரம் நீண்டு முடியட்டும் என்று. உடம்பெல்லாம் வியர்த்தது.

இரண்டு மணிக்கு அக்காவின் குரல் தெளிந்தது. ஒரு முறை செருமினாள். வெந்நீர் குடித்தாள். வாண்டு அம்மாவின் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, ரொம்பப் பெரிய மனுஷி மாதிரி, "ரெடியா? அமுக்கப் போறேன்," என்றாள்.

"அமுக்கிட்டு விட்டுடு. ஓடிட்டே இருக்கட்டும். வேண்டாததை அப்புறம் வெட்டிக்கலாம்," என்றாள் அக்கா.

யுகுலேலேயை மடியில் எடுத்துச் சுருதி பார்த்தாள். மீட்டினாள். 'சட்டைய விட்டு ஓடிப்போச்சு பொத்தான்' என்று முதல் வரி வந்தது. எவ்வளவு நாள் கழித்து அப்படி ஒரு குரல்! வாண்டு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது வரியில் தந்தி இறங்கிவிட்டது, கூடவே குரலும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அக்கா நிறுத்தினாள்.

"ரெண்டாவது கம்பிய ஏத்துடா."

தம்பி திருகினான்.

"இன்னும். இன்னும் கொஞ்சம். போதும். ஐயோ, போதும்னேன், இறக்கு."

மறுபடி முதல் வரி. இந்த முறை மூன்றாவது தந்தி கைவிட்டது. அதை ஏற்றினால் நாலாவது இறங்கியது, நாலாவதைப் பிடித்தால் முதலாவது. தம்பி தன் போனில் சுருதி காட்டுகிற செயலியை வைத்துப் பார்த்தான். முள் பச்சைக்கு வரும், வந்து நிற்காமல் அப்படியே இடது பக்கம் சாயும். வியர்வையில் திருகு வழுக்கியது. அக்கா மடியில் கருவியைப் பிடித்துக்கொள்ள, அவன் எதிரே மண்டியிட்டுக்கொண்டு, ஏத்து என்றால் ஏற்றி, இறக்கு என்றால் இறக்கி, இருவரும் அந்த நாலு தந்தியோடு மல்லுக்கு நின்றார்கள்.

"ஒண்ணாவது ஏத்து. அது இல்ல, ஒண்ணாவது எங்க இருக்கு? கீழ. உனக்கு மேலயும் கீழயுமே தெரியல, எப்படிடா லிஃப்ட் ஓட்டற?"

வாண்டு கெக்கெக்கே என்று சிரித்தாள். தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. கடிகாரம் இரண்டே காலைத் தாண்டியிருந்தது. அப்போதுதான் அந்தப் பொய் அவன் வாயிலிருந்து வந்து விழுந்தது.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்க்கா. மட்டமான கம்பியத் தலைல கட்டிட்டான். அந்தாள நாளைக்குப் பாத்துக்கறேன்."

அக்கா அவனைப் பார்த்தாள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! திருகுடா, பேசாம."

எட்டாவது தடவை முதல் வரி, இரண்டாவது வரி, மூன்றாவது வரியும் வந்தது. பொத்தான் பஸ் ஏறப் போகிற இடம். தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். தந்தி அப்போது ஓரளவு நின்றுதான் இருந்தது. இறங்கியது அக்காவின் குரல். நடுவில் ஒரு சொல் விழுந்தது, அடுத்த சொல் காற்றாக வந்தது, அதற்கடுத்தது அதுவும் இல்லை. அவள் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"கம்பி வேணாம்மா. சும்மாவே பாடும்மா," என்றாள் வாண்டு. முகம் கோணிக்கொண்டு வந்தது அதற்கு.

அக்கா யுகுலேலேயை மேசைமேல் வைத்துவிட்டு முயன்று பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. தம்பி வெந்நீர் வைத்துக் கொடுத்தான். பத்து நிமிஷம் பேசாமல் இருந்து மறுபடி முயன்றாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி. மூன்றரை ஆனது, நாலு ஆனது. அரை மணி நேரத்துக்கு அவளிடம் இருந்த குரல் அத்தனையும் ஏத்து, இறக்கு, போதும் என்பதற்கே தீர்ந்து போயிருந்தது. நாலே முக்காலுக்கு அவள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பையை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டி மிச்சமில்லாமல் வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான், அது சந்தோஷ அழுகை என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். பாதி உண்மை. அக்கா உயிரோடு இருக்கிறாள் என்கிற சந்தோஷமும் அதில் இருந்தது, இல்லை என்று சொன்னால் பாவம்.

பதினைந்து நாள் அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தாள். மூக்கு வழியாகக் குழாயில் சாப்பாடு, கழுத்துத் துளைமேல் சின்னதாக ஒரு துணி. பேச வேண்டியதை எழுத ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும் கொடுத்திருந்தார்கள். தண்ணீர், வலி, வாண்டு சாப்பிட்டாளா என்று தேவையானதை எழுதுவாள், பதில் வந்ததும் அழிப்பாள்.

அந்தப் பதினைந்து நாளும் தம்பி அக்கா வீட்டில் வாண்டோடு இருந்தான். வேலை முடிந்து வந்ததும் யுகுலேலேயை எடுத்துச் சுருதி சேர்ப்பான். யாரும் வாசிக்கப் போவதில்லை, இருந்தாலும் சேர்ப்பான். முதல் சில நாள் சாயங்காலம் பார்க்கும்போதெல்லாம் நாலும் தொங்கிப் போயிருந்தன. ஏழாம் நாள் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. பத்தாம் நாள் முள் பச்சையில் வந்து நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். தம்பி அதைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டான், சத்தம் வாண்டுக்குக் கேட்கக் கூடாது என்று.

வாண்டு தூங்குவதற்கு அம்மாவின் போனைக் காதோரம் வைத்துக்கொள்ளும். நாற்பது நிமிஷப் பதிவு. இருட்டில் அக்காவின் குரல் வரும். சட்டைய விட்டு ஓடிப்போச்சு பொத்தான். ஏத்துடா. இன்னும். போதும். சட்டைய விட்டு ஓடிப்போச்சு பொத்தான். ரெண்டாவது. அது இல்ல. எட்டுத் தடவை ஆரம்பித்து எட்டுத் தடவையும் பொத்தான் பஸ்கூட ஏறாது. வாண்டுக்கு மிகவும் பிடித்தது நடுவில் வருகிற சிரிப்பு. அதை மட்டும் திரும்பத் திரும்பப் பின்னுக்குத் தள்ளிப் போட்டுக் கேட்கும். சிரிப்பைக் கேட்க வேண்டுமானால் அதற்கு முந்தின பேச்சையும் கேட்டாக வேண்டும். கடைக்காரன் ஏமாத்திட்டான்க்கா. மட்டமான கம்பியத் தலைல கட்டிட்டான். தன் குரலை அடுத்த அறையில் படுத்தபடி தம்பி ஒவ்வொரு ராத்திரியும் கேட்டான்.

அக்கா வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அவள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் வெள்ளைப் பலகை. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் வாண்டு போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து தம்பி முன்னால் நின்றது.

"மாமா, கெளம்பு. அந்தக் கடைக்காரர்கிட்டப் போகணும்."

"எதுக்கு?"

"சண்ட போடத்தான். பாத்துக்கறேன்னு சொன்னியே, இன்னும் பாக்கவே இல்ல. அந்தாளாலதான அம்மா பாட்டு போச்சு? நீ கேக்கலன்னா நான் கேக்கறேன்."

தம்பி எழுந்தான், உட்கார்ந்தான். கடை ஞாயிற்றுக்கிழமை திறக்காது என்று சொல்லிவிடலாம். நாளைக்கு ஒரு சாக்கு, மறுநாள் ஒரு சாக்கு. வாண்டு பிறகு மறந்துவிடும். ஆனால் அந்தக் குழந்தை மூக்கை விடைத்துக்கொண்டு, கையை முஷ்டியாக மடக்கிக்கொண்டு, ஒரு பாவமும் அறியாத மனுஷன் மேல் பாயத் தயாராக நின்றுகொண்டிருந்தது. அவனுக்குத் தாங்கவில்லை.

"கடைக்காரர் மேல தப்பு இல்லடா கண்ணு," என்றான். "ஒண்ணு மட்டும் மாத்தியிருந்தாச் சமாளிச்சிருக்கலாம்னுதான் அவர் சொன்னார். உங்கம்மாவும் ஒண்ணுதான் மாத்தச் சொன்னா. நான்தான் நாலையும் வெட்டிப் போட்டேன். புதுசு போட்டா ஒரு வாரம் நிக்காதுன்னு அவர் முன்னாடியே சொன்னார். எனக்கும் தெரியும். தெரிஞ்சேதான் உங்கம்மாகிட்டச் சொல்லல. ரெண்டு நாள் பொய் சொன்னேன், அப்புறம் அவர் மேல பழி போட்டேன்."

வாண்டு அம்மாவைப் பார்த்தது, மாமாவைப் பார்த்தது. "அப்போ உன்னாலதானா?" என்றது. சத்தம் போடவில்லை. செருப்பைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

தம்பிக்கு அக்கா பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். பேனா பலகையில் கீச்சிடுகிற சத்தம் கேட்டது. நின்றது. அவள் பலகையைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

'ஒண்ணுதானேடா கேட்டேன்.'

முப்பத்தெட்டு வருஷம் அவள் குரலைக் கேட்டு வளர்ந்தவன் அவன். அவள் டா போடுகிற விதத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிடும், இது திட்டா, கேலியா, மனசு உடைந்து சொல்கிறாளா, போனால் போகட்டும் வா என்கிறாளா என்று. போனில் ஹலோ சொல்வதற்குள் கண்டுபிடித்துவிடுவான். இப்போது எழுத்துத்தான் இருந்தது. அவன் ஒரு முறை படித்தான், திட்டுகிற மாதிரி கேட்டது. இன்னொரு முறை படித்தான், அழுகிற மாதிரி கேட்டது. சிரிக்கிற மாதிரிகூடப் படிக்க முடிந்தது. முகத்தைப் பார்த்தான். பதினைந்து நாள் குழாயில் சாப்பிட்டு வற்றிப்போன முகத்தில் களைப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"அக்கா," என்றான். "எப்படிச் சொல்ற இத? கோவமாவா? எப்படிச் சொல்றன்னு சொல்லுக்கா."

அவள் உதடு அசைந்தது. கழுத்துத் துணி ஒரு தடவை படபடத்து அடங்கியது. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் பலகையைத் தன் பக்கம் திருப்பி, புறங்கையால் துடைத்துவிட்டு, நிதானமாக மறுபடி எழுதிக் காட்டினாள். இந்த முறை எழுத்துக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

'ஒண்ணுதானேடா கேட்டேன்.'